நெஞ்சுக்குள் நெறி கட்டினால்: ஈபஸ் கருவியும் அதன் ஊசிகளும் – ஒரு மதிப்பாய்வு

சி.டி. ஸ்கேன் அறிக்கையில் ‘மீடியாஸ்டைனத்தில் லிம்ஃப் நோடுகள் பெருத்துள்ளன’ என்ற வரியைப் பார்த்ததும் பலருக்கும் கை கால் நடுங்கிவிடுகிறது. நெஞ்சின் நடுவில், இரண்டு நுரையீரலுக்கும் இடையே இருக்கும் நெறிகள் வீங்கியிருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். அந்த வரி எந்த நோயின் பெயரையும் சொல்லவில்லை. காசநோய், சார்காய்டோசிஸ் (கிருமி இல்லாமலே நெறியில் அழற்சி முடிச்சுகள் தோன்றும் நோய்), நுரையீரல் புற்று, லிம்ஃபோமா (நெறியிலேயே தொடங்கும் புற்று), வருஷக்கணக்கில் விறகடுப்புப் புகையோ கல்குவாரித் தூசியோ சுவாசித்ததால் வந்த வீக்கம் என எல்லாமே ஸ்கேனில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நெறியின் குறுக்களவு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் ‘பெருத்திருக்கிறது’ என்று எழுதுவார்கள். பெட் ஸ்கேனில் அது பளிச்சென்று தெரிந்தாலும் புற்று என்று முடிவுகட்ட முடியாது. நம் ஊரில் காசநோய் நெறியும் அதே பளபளப்போடு நிற்கும், புகைக்கரி படிந்த நெறியும் சில சமயம் நிற்கும். சதை எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நெஞ்சைத் திறக்காமல், மூச்சுக்குழாய் வழியாகவே அந்தச் சதையை எடுத்துவர இப்போது இருப்பதில் சிறந்த வழி ஈபஸ்: எண்டோப்ராங்கியல் அல்ட்ராசவுண்ட். நுனியில் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய ப்ராங்கோஸ்கோப்பை (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் காமிராக் குழாயை) வாய்வழியே இறக்கி, மூச்சுக்குழாய்ச் சுவருக்கு அப்பால் இருக்கும் நெறியைத் திரையில் பார்த்தபடியே ஊசியால் குத்தி எடுப்பது. கருவி, அதில் போடும் ஊசிகள், எடுத்த சதையைக் கையாளும் விதம் மூன்றையும் இங்கே எடைபோடுகிறோம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவிக்கு நல்ல மதிப்பெண். ஊசி எந்த அளவு என்ற விவாதத்துக்கு அது பெறும் அளவு முக்கியத்துவம் தேவையில்லை. பரிசோதனை வீணாகும் இடம், எங்கள் கணிப்பில், மேசை ஓரத்தில் இருக்கும் டப்பாக்கள்தான். சரியான நெறியைச் சரியாகக் குத்தி எடுத்த சதையைத் தவறான டப்பாவில் போட்டுவிட்டால் அத்தனையும் போச்சு.

அதற்கும் முன்னால் ஒரு வார்த்தை. ஈபஸுக்கு நாள் குறிக்கும் முன் கழுத்தையும் காறை எலும்புக்கு மேல் இருக்கும் பள்ளத்தையும் டாக்டர் கையால் அழுத்திப் பார்த்தாரா, முடிந்தால் அங்கே ஒரு அல்ட்ராசவுண்ட் வைத்தாரா என்று கேளுங்கள். அங்கே ஒரு நெறி அகப்பட்டால் சாதாரண ஊசியால் பத்து நிமிடத்தில் சதை எடுத்துவிடலாம். மயக்கமும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். நுரையீரல் புற்றாக இருந்தால், அந்த இடத்து நெறியில் புற்றணு இருப்பதே நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடும். ஐந்து விரல் வைத்துப் பார்க்கும் இந்த வேலை விட்டுப்போவது வருத்தத்துக்குரியது.

கருவி

ஈபஸுக்கு முன்பும் மூச்சுக்குழாய் வழியே ஊசி போட்டார்கள். அர்ஜென்டினாவில் ஷீப்பாத்தி என்பவர் 1949-இலேயே வளையாத குழாய் வழியாக இதைச் செய்து காட்டினார். அமெரிக்காவில் கோ-பென் வாங் 1980-களில் வளையும் ப்ராங்கோஸ்கோப்புக்கு ஏற்ற ஊசியோடு அதைப் பரப்பினார். ஆனால் அது கண்ணைக் கட்டிக்கொண்டு குத்துவது போலத்தான். ஸ்கேனைப் பார்த்து, மனக்கணக்கில் இடம் பிடித்து, சுவருக்கு அப்பால் குத்த வேண்டும். இரண்டு விரற்கடை தள்ளிப் பெருந்தமனி ஓடும். நுனியில் வளைந்த அல்ட்ராசவுண்ட் வைத்த குழாயை ஜப்பானின் சீபா பல்கலைக்கழகத்து யசுஃபுகு குழுவினர் 2004-இல் வெளியிட்ட பிறகுதான் குத்தும் ஊசியைக் குத்தும்போதே பார்க்க முடிந்தது.

பல மருத்துவமனைகளில் இருக்கும் ஒலிம்பஸ் பி.எஃப்-யு.சி.180எஃப் மாடலையே எடுத்துக்கொள்வோம். நுனியின் விட்டம் 6.9 மில்லிமீட்டர், ஊசி போகும் வழி 2.2 மில்லிமீட்டர். காமிரா நேராகப் பார்க்காது, 35 டிகிரி சாய்வாகப் பார்க்கும். இந்தச் சாய்வுதான் புதிதாகப் பிடிப்பவர்களைத் தடுமாற வைப்பது. சாதாரண ப்ராங்கோஸ்கோப்பில் குரல்நாண் திரையின் நடுவில் தெரிந்தால் உள்ளே நுழையலாம். இதில் நடுவில் தெரிந்தால் நுனி உண்மையில் எங்கோ பின்னால் முட்டிக்கொண்டிருக்கும். குரல்நாண்கள் முன்பக்கம் சேரும் முனையை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு மெல்ல இறக்க வேண்டும். அடுத்து வந்த யு.சி.190எஃப் மாடலில் நுனி 6.6 மில்லிமீட்டர், சாய்வு 20 டிகிரி, மேல்நோக்கிய வளைவு 160 டிகிரி. இடது மேல் பகுதியின் இடுக்கான நெறிகளுக்கு அந்தக் கூடுதல் வளைவு உண்மையிலேயே கைகொடுக்கிறது. ஃபியூஜிஃபில்ம் குழாயின் சாய்வு 10 டிகிரிதான். சாதாரண ப்ராங்கோஸ்கோப்பில் பழகியவர்களுக்குக் கை சீக்கிரம் வசப்படும்.

இத்தனை தடிமனான குழாய் மூக்கு வழியே போவது கஷ்டம், வாய்வழியேதான். நோயாளிகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. காமிராப் படத்தின் தெளிவும் சாதாரண ப்ராங்கோஸ்கோப் அளவுக்கு வராது. ஆகவே நுரையீரல் கிளைகளை முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ஈபஸ் குழாய். ஒரே அமர்வில் இரண்டும் முடியும்.

நுனியில் மாட்டும் ரப்பர் பலூன் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். அதில் அரை மில்லிக்கும் குறைவாகச் சலைன் ஏற்றினால் சுவரோடு நன்றாக ஒட்டிக்கொண்டு படம் தெளியும். சின்னக் காற்றுக்குமிழி ஒன்று மாட்டிக்கொண்டாலும் திரையில் கறுப்பு நிழல் விழும். ஏற்றும் முன் குமிழியை வெளியே தள்ளிவிட வேண்டும். பலூன் லேடெக்ஸ் ரப்பர் என்பதால், ரப்பர் கையுறை போட்டால் தடித்துப்போகும் உடம்பு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பல நெறிகளுக்கு பலூன் இல்லாமலேயே வேலை நடக்கும்.

எட்டும் இடம், எட்டாத இடம் இரண்டும் உண்டு. நெஞ்சு நெறிகளுக்கு எண் கொடுத்து வரைபடம் வைத்திருக்கிறார்கள். மூச்சுக்குழலின் இரு பக்கமும் இருக்கும் 2, 4, அது இரண்டாகப் பிரியும் கவட்டைக்குக் கீழே உள்ள 7, நுரையீரல் வாசலில் 10, 11 ஆகியவை ஈபஸின் சொந்த ஊர். பெருந்தமனியை ஒட்டிய 5, 6 வழக்கமான ஈபஸுக்கு எட்டாது. கீழே இருக்கும் 8, 9-க்கு உணவுக்குழாய் வழிதான். அதே ஈபஸ் குழாயை உணவுக்குழாயில் இறக்கியும் குத்தலாம். இருமலே அடங்காதவருக்கும் மூச்சு ரொம்பக் குறைவானவருக்கும் இந்த உணவுக்குழாய் வழி பெரிய வரம். இது கைவந்த மையங்களைத் தேடிப் போகலாம்.

ஊசி உள்ளே போகும் விதம்

நோயாளிக்குத் தெரியாத, ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் சில நிமிடங்கள் இவை.

ஊசியைக் குழாயின் வாயில் பொருத்திப் பூட்டியதும் முதலில் நகர்த்த வேண்டியது அதன் உறையை. உறையின் நுனி காமிராப் படத்தின் ஓரத்தில் ஒரு கீற்றாக எட்டிப் பார்க்க வேண்டும். அது தெரியும் முன் ஊசியை நீட்டினால் கூர்முனை குழாயின் உட்சுவரைக் கீறிவிடும். அடுத்த கசிவுச் சோதனையில் தண்ணீருக்குள் குமிழி வரும், குழாய் ரிப்பேருக்குப் போய்விடும். ஈபஸ் குழாய்கள் பழுதாகும் காரணங்களில் எளிதாகத் தவிர்க்கக்கூடியது இதுதான்.

பிறகு நுனியை வளைத்துச் சுவரோடு அழுத்தி, நெறியைத் திரையில் நிறுத்தி, டாப்ளரைப் போட்டு ரத்தக் குழாய் குறுக்கே இல்லை என்று பார்த்துக்கொள்கிறார்கள். நெறியின் ஆழத்தை அளந்து, ஊசி எவ்வளவு நீளலாம் என்பதைப் பிடியில் இருக்கும் நிறுத்தியில் பூட்ட வேண்டும். ஒலிம்பஸ் ஊசி அதிகபட்சம் 40 மில்லிமீட்டர் நீளும். பூட்டாமல் வேகமாகக் குத்துவது ஆபத்து. உதவியாளர் நோயாளியின் வாயருகே குழாயைப் பிடித்துக்கொள்வார். இல்லாவிட்டால் ஊசியை அழுத்தும்போது ஊசி உள்ளே போகாமல் குழாய் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். மூச்சுக்குழாய்ச் சுவரில் குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாக இருக்கின்றன. ஊசி அதில் முட்டினால் கல்லில் குத்தின மாதிரி நிற்கும். பலத்தைக் கூட்டிப் பயனில்லை. ஒரு வளையம் மேலேயோ கீழேயோ நகர்ந்து இடுக்கில் குத்த வேண்டும்.

ஊசி நெறிக்குள் போனதும் திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அப்போது ஊசிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை ஓரிரு தடவை அழுத்திவிட வேண்டும். வரும் வழியில் நுனியில் அடைத்துக்கொண்ட சுவர்த் துணுக்கை அது வெளியே தள்ளும். இதை விட்டுவிட்டால் கண்ணாடித் தட்டில் மூச்சுக்குழாய்ச் சவ்வின் செல்கள்தான் நிறைந்திருக்கும், நெறியின் செல்கள் தேடினாலும் கிடைக்காது. கம்பியை உருவிவிட்டு, பூட்டிய வெற்றிட சிரிஞ்சைப் பொருத்தி, ஊசியைப் பத்துப் பதினைந்து தடவை முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். ஒரே தடத்தில் ஆட்டாமல் விசிறி மாதிரி கோணத்தை மாற்றி மாற்றி ஆட்டினால் நெறியின் பல பகுதிகளிலிருந்தும் சதை வரும். சிரிஞ்சில் ரத்தம் ஏறுவது தெரிந்த நொடியே உறிஞ்சலை நிறுத்த வேண்டும். அடுத்த குத்தை உறிஞ்சல் இல்லாமலே எடுக்கலாம். உறிஞ்சல் வைத்தாலும் வைக்காவிட்டாலும் சரிதான் என்பது அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் 2016 வழிகாட்டியும் ஏற்றுக்கொண்ட விஷயம். வெளியே எடுக்கும் முன் உறிஞ்சலை விடுவித்து, ஊசியை உறைக்குள் முழுக்க இழுத்து, ‘கிளிக்’ என்று பூட்டு விழுந்த பிறகே குழாயிலிருந்து உருவ வேண்டும்.

எத்தனை தடவை குத்த வேண்டும்? அங்கேயே நுண்ணோக்கியில் பார்க்க ஆள் இல்லையென்றால் ஒரு நெறிக்குக் குறைந்தது மூன்று தடவை. புற்று என்று சந்தேகம் இருந்து மரபணுச் சோதனைக்கும் சதை வேண்டுமென்றால் அதற்கு மேலும். ஒரே தடவை குத்திவிட்டு ‘நன்றாக வந்துவிட்டது’ என்று முடிப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

இன்னொன்றும் கறாராகச் சொல்ல வேண்டியது. நுரையீரல் புற்றின் நிலையை அறியச் செய்யும்போது, கட்டி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க நெறியில் ஆரம்பித்து, நடு நெறி, கடைசியில் கட்டியை ஒட்டிய நெறி என்று வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் முதல் நெறியின் புற்றணு ஊசியோடு ஒட்டிக்கொண்டு அடுத்த நெறிக்குப் போகும். அறுவை செய்து குணமாகக்கூடிய ஒருவருக்கு ‘அறுவை முடியாது’ என்று எழுதிவிடும் தவறு அது.

22, 21, 19, 25

எண் கூடக் கூட ஊசி மெலியும். 22 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர், 21 சுமார் 0.8, 19 ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 25 அரை மில்லிமீட்டர். ஒலிம்பஸின் விசிஷாட் 2 வரிசையில் இந்த நான்கு அளவும் கிடைக்கின்றன.

22-க்கும் 21-க்கும் கண்டுபிடிக்கும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை; மேலே சொன்ன வழிகாட்டியும் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றே சொல்கிறது. எங்கள் விருப்பம்: காசநோய், சார்காய்டோசிஸ் சந்தேகத்தில் 21. கொஞ்சம் பெரிய துணுக்காக வரும். நோய்க்குறியியல் மருத்துவருக்கு செல்கள் மட்டுமின்றி அவை அடுக்கியிருக்கும் விதமும் தெரியும். ரத்தம் அதிகம் ஓடும் நெறிக்கு 22 அல்லது 25. ரத்தம் குறைவாகக் கலந்த சின்னத் துணுக்கு, ரத்தத்தில் மூழ்கிய பெரிய துணுக்கைவிடப் பயன்படும்.

19 கேஜ் பற்றி ஆர்வமாகப் பேசுகிறார்கள். தடித்த ஊசி குழாயை வளையவிடாது என்ற பழைய குறையைத் தீர்க்க, அதன் உடலில் சுருள் வெட்டுகள் போட்டு நெகிழ்வாக்கியிருக்கிறார்கள். அது நிஜமாகவே வளைகிறது. லிம்ஃபோமா சந்தேகத்தில், கவட்டைக்குக் கீழே இருக்கும் பெரிய 7-ஆம் நெறியில் இது நல்ல தேர்வு. மற்றபடி எல்லோருக்கும் இதையே போட வேண்டிய அவசியம் எங்களுக்குத் தெரியவில்லை. ரத்தம் கூடுதலாகக் கலக்கிறது.

ஊசி புதியதா என்பதை நோயாளியின் வீட்டார் தயங்காமல் கேட்கலாம். ஊசி வந்த பாக்கெட்டின் மேல் 2 என்ற எண்ணைக் குறுக்கே கோடு போட்டு அடித்த ஒரு சின்னக் குறி இருக்கும்: மறுபடி பயன்படுத்தாதே என்று அர்த்தம். செலவைக் குறைப்பதற்காக ஊசியைக் கழுவி மறுபடி போடுவதை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். இத்தனை மெல்லிய துவாரத்துக்குள் பிரஷ் போகாது. கூர் மழுங்கிய ஊசி சுவரில் வழுக்கும், வளைந்த ஊசி குழாயைக் கீறும். முந்தைய நோயாளியின் காசநோய்க் கிருமி செத்துப்போயிருந்தாலும் அதன் மரபணுத் துகள் ஒட்டியிருந்தால் அடுத்தவரின் சோதனை பாசிட்டிவ் என்று காட்டக்கூடும். ஆறு மாத மருந்து ஒருவர் தலையில் வீணாக விழும்.

டப்பாக்கள்

ஊசியை உருவியதும் கம்பியை மெல்ல உள்ளே தள்ளுவார்கள். ஊசி நுனியிலிருந்து சிவப்பும் வெள்ளையும் கலந்து, மண்புழுக் குட்டி போல ஒரு துணுக்கு நெளிந்து வரும். கூடவே ஒரு சொட்டு ரத்தம். சீழ் போல வெண்மையாகவோ தயிர்க்கட்டி போலவோ வந்தால் காசநோய் சந்தேகம் கூடும். கரிக்கறுப்பாக வந்தால் புகையும் தூசியும் படிந்த நெறி. அந்தத் துணுக்கும் சொட்டும் எங்கே விழுகின்றன என்பதில்தான் இந்தப் பரிசோதனையின் உயிர் இருக்கிறது.

மேசையில் குறைந்தது நான்கு ஏற்பாடு வேண்டும். ஒன்று, கண்ணாடி ஸ்லைடுகள்: சில காற்றில் உலர்த்த, சில 95 சதவீத ஆல்கஹாலில் உடனே முக்க. தேய்த்த ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஆல்கஹாலில் போகும் முன்பே செல்கள் உலர்ந்து உருக்குலைந்துவிடும். நெறியின் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடும். இரண்டு, ஃபார்மலின் டப்பா: துணுக்கை மெழுகுக் கட்டியாக்கி மெல்லியதாக வெட்டிப் பார்க்கவும் மரபணுச் சோதனைக்கும். மூன்று, வெறும் சலைன் உள்ள கிருமியற்ற டப்பா: காசநோய் சோதனைக்கு. நான்கு, ஆர்.பி.எம்.ஐ. திரவம்: லிம்ஃபோமா சந்தேகத்தில், செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு.

அடிக்கடி நடக்கும் பிழை இது: எல்லாத் துணுக்கையும் ஃபார்மலினிலேயே போட்டுவிடுவது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளரவே வளராது. ‘கிரானுலோமா உள்ளது, காசநோயா சார்காய்டோசிஸா என்று மற்ற சோதனைகளோடு ஒப்பிடவும்’ என்று அறிக்கை வரும் (கிரானுலோமா என்பது அழற்சிச் செல்கள் திரண்ட சின்ன முடிச்சு; இரண்டு நோயிலும் வரும்). ஒப்பிட வேண்டிய சோதனைக்கு ஒரு சொட்டுக்கூட மிஞ்சியிருக்காது. காசநோய் இத்தனை பரவலாக இருக்கும் நாட்டில், டாக்டர் மனதில் புற்றுதான் இருந்தாலும், சலைனில் ஒரு குத்தைத் தனியாகப் போட்டே தீர வேண்டும். நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வோம்: “டிபி கல்ச்சருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் சலைனில் தனியா எடுத்து வைப்பீங்களா டாக்டர்?”

ஜீன்எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று சொல்லிவிடும். அரசுக் காசநோய்த் திட்டத்தில் இது இலவசம். ஆனால் நெறியில் கிருமி குறைவாகவே இருப்பதால் நெகட்டிவ் வந்தாலும் காசநோய் இல்லை என்றாகாது. திரவக் கல்ச்சரை ஆறு வாரம் வரை வைத்துப் பார்க்க வேண்டும். லண்டனின் சில மருத்துவமனைகள் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நெஞ்சு நெறிக் காசநோய் இருந்த 156 பேரில் 94 சதவீதத்தினருக்கு ஈபஸ் நோயைக் காட்டிக்கொடுத்தது. கல்ச்சர் வளர்ந்தது பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கே. இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால், எந்த ஒரு சோதனையையும் தனியாக நம்பக் கூடாது என்பது விளங்கும்.

அறையிலேயே ஸ்லைடை இரண்டு நிமிடத்தில் சாயமேற்றிப் பார்க்கும் வசதியை ரோஸ் என்கிறார்கள். அது இருந்தால்தான் செய்ய வேண்டும் என்றில்லை. இருந்தால் பெரிய நன்மை, அடுத்த குத்து எந்த டப்பாவுக்கு என்று அப்போதே முடிவெடுக்கலாம் என்பது. கிரானுலோமா தெரிந்தால் சலைன். ஒரே மாதிரி லிம்ஃபோசைட்டுகள் (நெறியில் நிறைந்திருக்கும் வெள்ளணுக்கள்) குவிந்திருந்தால் ஆர்.பி.எம்.ஐ. புற்றணு தெரிந்தால் ஃபார்மலினுக்கு இன்னும் இரண்டு குத்து.

எந்த நோயில் எப்படி

நுரையீரல் புற்றின் நிலை அறிவதில் இது முதல் தரம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சுமார் 89 சதவீதம் கண்டுபிடிக்கிறது. அதாவது பத்தில் ஒன்றைத் தவறவிடவும் கூடும். நெறியில் புற்று இருக்கும் என்று பலமாகச் சந்தேகித்து ஈபஸ் நெகட்டிவ் வந்தால், கழுத்தடியில் சின்னக் கீறல் போட்டுச் செய்யும் மீடியாஸ்டினோஸ்கோபிதான் அடுத்த படி.

சார்காய்டோசிஸில் ஈபஸை மட்டும் நம்புவது அரைகுறை. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் 2014 ஆய்வில் ஈபஸ் தனியாக 74.5 சதவீதமும், பழைய முறையில் பார்க்காமல் குத்துவது 48.4 சதவீதமும் நோயைக் காட்டின. ஈபஸோடு நுரையீரல் திசுத் துணுக்கும் சேர்த்து எடுத்தபோது 92.7 சதவீதமாக ஏறியது. ஆகவே அதே அமர்வில் நுரையீரல் திசுவையும் எடுக்கச் சொல்லலாம். அதில் நுரையீரலில் காற்றுக் கசியும் அபாயம் சற்றுக் கூடும் என்பதையும் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

லிம்ஃபோமாவில் இதன் பலவீனம் தெரிகிறது. அங்கே செல் மட்டும் போதாது. நெறியின் கட்டமைப்பும் தெரிந்தால்தான் வகை பிரிக்க முடியும். ஊசித் துணுக்கு பல நேரம் அதற்குப் போதாது. ஊசி போட்ட துவாரம் வழியாகவே 1.1 மில்லிமீட்டர் கிரையோ கம்பியை விட்டு, நெறியை உறைய வைத்துப் பிய்த்தெடுக்கும் முறை 2021 முதல் நல்ல ஆய்வுகளோடு வந்திருக்கிறது. லிம்ஃபோமாவிலும் அரிய நோய்களிலும் அதன் பலன் ஊசியைவிடத் தெளிவாகக் கூடுதல். அனுபவமுள்ள மையத்தில் மட்டும் ஏற்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சதை எடுக்கும் முன் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிப்பது பெரிய தவறு. லிம்ஃபோமா நெறி அதில் சுருங்கி அடையாளம் இழந்துபோகும், நோய் போகாது. அவசரம் இல்லாதபோது காசநோய் மருந்தை ஊகத்தில் ஆரம்பிப்பதும் கல்ச்சரைக் கெடுக்கும்.

நோயாளிக்கு

திட உணவு நிறுத்தி 6 மணி நேரம், தண்ணீர் நிறுத்தி 2 மணி நேரம். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. ஆஸ்பிரின் மட்டும் போடுபவர்கள் பொதுவாகத் தொடரலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரினை 5 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள்.

தொண்டையை மரக்கச் செய்ய லிக்னோகெயின் ஸ்ப்ரே அடிப்பார்கள். கசக்கும், விழுங்க முடியாதது போல இருக்கும், அது அந்த மருந்தின் குணம். கூடவே நரம்பில் தூக்க மருந்து. லிக்னோகெயினுக்குக் கணக்கு உண்டு: எடையில் கிலோவுக்குச் சுமார் 8 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோ ஆளுக்கு 400 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்து 20 மில்லி. ஸ்ப்ரேயின் ஒவ்வொரு அழுத்தலும் 10 மில்லிகிராம் என்று அதிலிருந்தே கழிய வேண்டும். இருமல் வரும்போதெல்லாம் கணக்கில்லாமல் ஊற்றினால் வலிப்பு வரை போகலாம். உள்ளே போன மருந்தை ஒரு நர்ஸ் உரக்கச் சொல்லி எழுதிவருவது நல்ல மையத்தின் அடையாளம்.

முடிந்த பின் தொண்டை மரப்பு விலக இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை ஒரு மிடறு தண்ணீரும் வேண்டாம், புரையேறும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. சளியில் ஓரிரு நாள் ரத்தக் கோடு தெரியலாம், முதல் நாள் லேசாகக் காய்ச்சலும் வரலாம். கட்டி கட்டியாக ரத்தம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நாட்கள் கழித்துக் குளிரோடு காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. உள்ளே அழுகிய நெறியையும் நீர்க்கட்டியையும் குத்தும்போது கிருமி நெஞ்சறைக்குள் பரவும் வாய்ப்பு உண்டு என்பதால் தாமதக் காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது. மற்றபடி இது பாதுகாப்பான பரிசோதனை: அமெரிக்காவில் 1,300-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவுசெய்து 2013-இல் வெளியான தொகுப்பில் சிக்கல்கள் 1.44 சதவீதம்.

அறிக்கையை வாங்கியதும் ‘புற்று இல்லை’ என்ற சொல்லை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். சதையில் லிம்ஃபோசைட்டுகளோ கரி படிந்த மேக்ரோஃபேஜ்களோ (தூசியை விழுங்கும் செல்கள்) இருந்தன என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஊசி உண்மையில் நெறிக்குள் போயிருக்கிறது. வெறும் ரத்தமும் சவ்வுச் செல்களும் மட்டும் என்றால் அது நெகட்டிவ் கணக்கில் சேராது. பரிசோதனையே நடக்கவில்லை என்றுதான் பொருள், திரும்பச் செய்ய வேண்டும்.

புற்று என்று வந்தால், எந்த மருந்து பொருந்தும் என்று அறியச் செய்யும் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்1, பி.டி.-எல்1 சோதனைகள் அதே மெழுகுக் கட்டியிலிருந்துதான் செய்யப்படும். தேவைக்கு மேல் சாயங்கள் போட்டுப் பார்த்து அந்தக் கட்டியைத் தீர்த்துவிட்டால் மறுபடி குழாய் விட வேண்டிவரும். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அறிக்கைத் தாளோடு நிற்காமல், ஸ்லைடுகளையும் அந்த மெழுகுக் கட்டியையும் (பாரஃபின் பிளாக்) லேபில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கை வெயில் படும் இடத்திலோ காரின் முன்பக்கத்திலோ வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.